பெட்டிக்குப் பொட்டு வைத்தது போதும்

சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் என் பால்ய நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். நண்பன் இல்லை. அவன் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவனுடைய மருமகள் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு, "மாமா, பூஜையைப் பார்த்துட்டுப் போங்க" என்று உள்ளே அழைத்துப் போனாள்.

பலகை மேல் தையல் மெஷினின் கத்தரிக்கோல், பேரனின் பாடப் புத்தகம், மகனின் பைக் சாவி. நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய மாலையோடு, ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். என் நண்பனின் கிளாரினெட் பெட்டி. மூடியில் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தன. பதினொரு பூஜை, பதினொரு பொட்டு.

"மாமனார் போனதிலேர்ந்து யாரையும் தொட விடலை மாமா. அப்படியே பத்திரமா வெச்சிருக்கோம்" என்றாள். குரலில் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான். எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட சாமான் பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கிறது.

பேரனுக்குப் பதிமூன்று வயது. அவன்தான், "தாத்தா, ஒரு தடவை திறந்து காட்டுங்களேன்" என்றான். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன்.

நாற்பது வருஷம் டேனரியில் வேலை பார்த்த மூக்கு இது. மூடி விரல் கடை தூக்குவதற்குள் தெரிந்துவிட்டது. பூஞ்சணம்.

உள்ளே ஒரு காலத்தில் மெரூன் நிறமாக இருந்த வெல்வெட் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் படை படர்ந்திருந்தது. ஓட்டைகளை மூடும் மெத்தைகளில், பேடு என்பார்களே, அவற்றில் இரண்டு கழன்று கிடந்தன. மற்றவற்றின் கம்பளிப் பாகத்தைப் பூச்சி தின்று, தன் சட்டையையும் உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஊசி ஸ்பிரிங்குகள் துருவாகி, தொட்டதும் ஒன்று ஒடிந்தது. மௌத்பீஸில் ரீடு ஒட்டியபடியே இருந்தது. கடைசியாக வாசித்த அன்று அவன் கழற்றவில்லை. உடம்பு முடியாமல் இருந்த நாள். அந்த ரீடு கறுத்துப்போயிருந்தது. மேல் துண்டின் தலையில் மயிரிழை போல ஒரு கீறல், முதல் துளை வரை ஓடியிருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

"ஊதிப் பார்க்கலாமா தாத்தா?" என்றான் பையன்.

"வேண்டாம்டா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். அந்தக் கோபம் இன்னும் ஆறாததால்தான் இதை எழுதுகிறேன்.

கோபம் அந்த மருமகள் மேல் அல்ல. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நான் ஒருவன். பதினொரு வருஷத்தில் இருபது தடவையாவது அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட, "அந்தப் பெட்டியைத் திறந்தீர்களாம்மா?" என்று கேட்டதில்லை. ஆகவே இந்தச் சண்டையை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: பூட்டி வைப்பது பாதுகாப்பது ஆகாது. பெட்டி என்பது வாத்தியத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அடிபடாமல் கொண்டுபோகிற சாமான். அதை நாம் சமாதியாக்கிவிட்டோம். பிறகு சமாதிக்குப் பொட்டு வைத்து, மரியாதை செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

என் நண்பன் யார் என்று இளையவர்களுக்குத் தெரியாது. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவன். அணைக்கட்டு, பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் வரை எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை அழைப்பில் முன்வரிசையில் நடந்தவன். டிரம்பெட் சத்தம் போடும், பேஸ் டிரம் நெஞ்சை இடிக்கும். ஆனால் பாட்டு எந்தப் பாட்டு என்று ஜனங்களுக்குத் தெரிவது கிளாரினெட்டால்தான். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியற்காலை வருகிறவர்கள், ராத்திரி ஊர்வலம் முடித்துவிட்டு வருகிற அவனை டீக்கடையில் பார்ப்பார்கள். நான் ஷிப்டுக்குப் போக அதே பஸ்ஸுக்கு நிற்பேன். அவன் மடியில் அந்தப் பெட்டி இருக்கும்.

இந்த வாத்தியம் நம்முடையதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1700ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் டென்னர் என்பவர் உருவாக்கியது. வெள்ளைக்காரனின் பட்டாளத்து பேண்டோடு இங்கே வந்தது. ஆனால் வந்ததோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர்ப் பக்கம் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்துவிட்டது. மகாதேவ நட்டுவனார் பெயரை இதற்குச் சொல்வார்கள். பிறகு கர்நாடக இசை மேடை. திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது, 2022இல் பத்மஸ்ரீ. ஒரு வாத்தியத்தை நம்முடையது என்று சொல்ல இதற்குமேல் என்ன வேண்டும்? கோவில் தேரோட்டம், சர்ச் பவனி, கல்யாணம், சாவு என்று நம் ஊர்த் தெருவில் அது வாசிக்காத காரியம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது? எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் தோல் தெரியும், ஈரம் தெரியும். அந்தப் பெட்டிக்குள் நான் பார்த்ததில் எனக்குப் புதிதாக எதுவுமே இல்லை. எல்லாம் டேனரியில் பார்த்தவை.

முதலில் ஈரம். கிளாரினெட்டில் போவது மனிதனின் மூச்சு. மூச்சு முழுக்க ஈரம். அரை மணி நேரம் வாசித்தால் உள்ளே தண்ணீர் சொட்டும். அதைத் துடைக்காமல் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினால், அந்த ஈரம் எங்கே போகும்? வெல்வெட் குடிக்கும், கம்பளி குடிக்கும். பெட்டி சின்னது, காற்று கிடையாது, இருட்டு. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்காது. டேனரியில் ஈரத்தோலை அடுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு வந்தால் திங்கட்கிழமை மேஸ்திரி என்ன திட்டு திட்டுவார் என்று நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தோலுக்குத் தெரிந்த நியாயம் வாத்தியத்துக்கு மட்டும் மறந்துபோவது ஏன்?

இரண்டாவது பூச்சி. பேடு எதனால் செய்கிறார்கள் தெரியுமா? அட்டை, அதன்மேல் கம்பளி ஃபெல்ட், அதன்மேல் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வு. வியாபாரத்தில் இதற்கு மீன் தோல் என்று பெயர். ஆனால் மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சாதாரணமாக ஒரு கிளாரினெட்டுக்கு 17 பேடு. கம்பளியும் சவ்வும் பூச்சிக்குச் சாப்பாடு. பச்சைத் தோல் கிடங்கில் தோலை ஓட்டை போடுகிறதே ஒரு வண்டு, அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இங்கேயும். அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். தினமும் திறந்து மூடுகிற பெட்டியில் அது குடித்தனம் செய்யாது. பதினொரு வருஷம் "யாரையும் தொட விடாத" பெட்டியில் பேரன் பேத்தி எடுக்கும்.

மூன்றாவது மரம். நல்ல கிளாரினெட் ஆப்பிரிக்காவின் கருமரத்தில் செய்வது. தான்சானியா, மொசாம்பிக் பக்கத்து மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். நம் ஈட்டியின் பங்காளி. அவ்வளவு கெட்டியான மரம் ஏன் வெடிக்கிறது? மரம் எத்தனை கெட்டியானாலும் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வேலூர்ச் சித்திரையில் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகிறது. ஷீட் போட்ட கூரைக்குக் கீழே பரண் மேல் இருக்கிற பெட்டி எப்படிக் காயும் என்று யோசியுங்கள். பிறகு ஐப்பசியில் அடைமழை. சுருங்கி, ஊதி, சுருங்கி, ஊதி, பதினொரு சுற்று. அதில் என்றைக்கோ ஒரு நாள் கீறல் விட்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க வீட்டில் யாருக்கும் காது அந்தப் பக்கம் இல்லை.

இதில் இன்னொன்று. பல வருஷம் காய்ந்த வாத்தியத்தை ஒரு நாள் ஆசையோடு எடுத்து ஒரு மணி நேரம் ஊதினால், உள்பக்கம் ஈரத்தில் ஊதும், வெளிப்பக்கம் காய்ந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில் மரம் பிளக்கும். அதனால்தான் புது வாத்தியத்தைக்கூட முதல் சில வாரம் தினம் பதினைந்து இருபது நிமிஷத்துக்குமேல் வாசிக்காதே என்பார்கள். ஆக, பூட்டி வைத்தாலும் கேடு, பூட்டி வைத்துவிட்டுத் திடீரென்று எடுத்தாலும் கேடு.

நான்காவது, நம் ஊரின் அக்கறை. இது இருக்கிறதே, இதுதான் பெரிய எதிரி. பூச்சி வருமென்று அந்துருண்டை போடுவது. அந்துருண்டை விஷம். வாயில் வைக்கிற மௌத்பீஸும் நாக்கில் படுகிற ரீடும் இருக்கிற பெட்டியில் விஷத்தைப் போட்டு மூடுவதற்குப் பெயர் அக்கறையா? பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது. அது நாளாக ஆகப் பிசினாகி, தூசியைப் பிடித்து, சாவிகளை ஒட்ட வைக்கும். மௌத்பீஸைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீரில் போடுவது. அது எபொனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். சூட்டில் நிறம் மாறிப் பச்சையடிக்கும், வடிவமும் கெடும். பூஞ்சணம் போகட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வாத்தியத்தோடு காய வைப்பது. வெயில் வேண்டியது காலிப் பெட்டிக்கு, வாத்தியத்துக்கு அல்ல. சந்தனத்தைக் கரைத்துக் கிளாரினெட் மேலேயே தெளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சாமி கேட்டதா?

பெட்டியும் சும்மா கெடுவதில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் சிலவற்றுக்கு ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல் உறை உண்டு. அந்தத் தோல் கெட்ட காற்றிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் செம்பொடியாக உதிரும். கையில் ஒட்டுகிற அந்தச் சிவப்புத் தூளை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்கக் கறுத்து விறைத்துப்போகும். உதிர ஆரம்பித்த தோலுக்கு மருந்து கிடையாது, வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். தோல் பூமியில் வாழ்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எதிர்வாதங்களையும் கேட்டுவிடுவோம். மூன்று சொல்வார்கள்.

"பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைத்துவிடும்." உடைக்கலாம். ஒரு சாவி வளையும், ஒரு கார்க் கிழியும். அவை எல்லாம் சரி செய்யக்கூடிய கோளாறுகள். பிள்ளை கையில் பட்டு வாத்தியம் அடைகிற சேதத்தையும், யார் கையும் படாமல் என் நண்பனின் கிளாரினெட் அடைந்த சேதத்தையும் தராசில் வைத்துப் பாருங்கள். பதினொரு வருஷம் தினமும் ஒரு குரங்கு கையில் கொடுத்திருந்தாலும் 17 பேடும் ஒருசேரப் போயிருக்காது.

"இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கிறதே, பழசைக் கட்டி அழுவானேன்?" பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல மாட்டேன். மழையில் நடக்கிற பேண்டுக்காரருக்கு வெடிக்காத வாத்தியம் நல்லதுதான். படிக்கிற பிள்ளைக்கும் அது போதும். ஆனால் பேடும் ஸ்பிரிங்கும் கார்க்கும் அதிலும் உண்டு. மூடி வைத்தால் பூஞ்சணம் அதிலும் வரும். கருமரமோ இனி சுலபமாகக் கிடைக்காது. அந்த மர வகையை 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல்தான் விலக்குக் கொடுத்தார்கள். மரம் குறைந்துகொண்டே வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கையில் இருப்பதை அழியவிட்டு, பிறகு விலை கேட்டு மலைப்பதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது வாதம்தான் என்னைச் சுடுவது. "பேண்டுக்காரங்களே சரியா வெச்சிக்க மாட்டாங்க சார். ஊதினாங்க, பெட்டியில போட்டாங்க, போனாங்க." இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் கல்யாண வீட்டுக்காரர்.

உண்மையைப் பேசுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்கிறோம். மாப்பிள்ளை ஒன்பது மணிக்கு வருகிறார். தூறலில் நிற்க வைக்கிறோம். ஜெனரேட்டர் வண்டியின் புகைக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் நடக்க வைக்கிறோம். ஒவ்வொரு முக்கிலும் வாலிபர்கள் ஆடுவதற்காக அதே பாட்டை நாலு தடவை கேட்கிறோம். மண்டபம் வந்ததும், "போதும் போதும், நகருங்க, போட்டோ எடுக்கணும்" என்கிறோம். அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. கடைசிப் பந்தியில் சாப்பாடு. அதற்குள் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். சின்ன யானை வண்டியில் டிரம்முக்கும் ஆளுக்கும் நடுவில் மடியில் பெட்டியோடு அவன் ஊர் திரும்ப ராத்திரி இரண்டு மணி. இவன் எங்கே உட்கார்ந்து துண்டு துண்டாகக் கழற்றித் துடைப்பான்? வாத்தியத்தைத் துடைக்க ஐந்து நிமிஷமும் உட்கார ஒரு பெஞ்சும் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்காதது நாம். பிறகு அவனுக்கு அக்கறை இல்லை என்று சர்டிபிகேட் கொடுப்பதும் நாம்.

என் நண்பன் அப்படியும் துடைப்பான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கயிறு கட்டிய வேட்டித் துணியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பான். "இன்னாடா, துப்பாக்கி துடைக்கிற மாதிரி துடைக்கிற?" என்று கேட்பேன். "சோறு போடுதுப்பா" என்பான். அவ்வளவுதான் அவன் தத்துவம்.

வீடுகளைச் சொல்லிவிட்டு நிறுவனங்களை விட்டால் நியாயமில்லை. நம் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு என்றால் பிள்ளைகளின் பேண்டு வாசிக்கும். அந்த மாஸ்டர் ரிடையர் ஆனதும் வாத்தியங்கள் இரும்பு பீரோவுக்குள் போயின. சாவி ஆபீஸில். நாலு கிளாரினெட். சில வருஷம் முன்பு ஒரு முன்னாள் மாணவனாகப் போய்க் கேட்டேன். ஸ்டாக் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார்கள். வருஷா வருஷம் கணக்கெடுத்து, "நான்கு, நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. "பீரோவைத் திறந்து பார்க்கலாமா?" என்றேன். சாவி தேடினார்கள். கிடைக்கவில்லை. நல்ல நிலையில் இருப்பது கையெழுத்து மட்டும்தான். பீரோவுக்கு வெளியே எத்தனை பிள்ளைகள் கை துறுதுறுக்க நடந்து போயிருப்பார்கள் இந்த வருஷங்களில்! பொதுச் சொத்தை உபயோகிக்காமல் வைத்திருப்பதும் ஒரு வகைத் திருட்டுதான். சர்ச், கோவில், சங்கம் எதுவானாலும் இதே கதை. தொலைந்தால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து பூட்டுகிறார்கள். மக்கிப் போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இனி கேளுங்கள்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், பூஞ்சணம் பிடித்த வாத்தியத்தை "ஊதி ஊதிச் சரியாக்கலாம்" என்கிறவர்களுக்காக. 2016இல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். பைப் வாத்தியம் தினமும் வாசித்த 61 வயதுக்காரர் நுரையீரல் நோயில் இறந்துபோனார். அவருடைய வாத்தியத்துக்குள் பல வகைப் பூஞ்சைகள் இருந்தன. வாத்தியம் இல்லாமல் ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் இருந்தபோது அவருக்கு உடம்பு தேறியிருக்கிறது. அதனால் பூஞ்சைதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அதனால்தான் பையனிடம் வேண்டாம் என்றேன்.

குறை சொல்வது சுலபம், என்ன செய்ய என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துத் தனியாகத் தட்டையாக வையுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மெல்லிய பருத்தித் துணியை விட்டு இழுங்கள். இணைப்பில் இருக்கிற கார்க்கையும் அதன் விளிம்பையும் துடையுங்கள். ஈரம் நிற்கிற இடம் அதுதான். முழுசாக மாட்டியபடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், கார்க் அமுங்கிப்போகும். கார்க்குக்கு அதற்கென்று விற்கிற கிரீஸ் போதும், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். மௌத்பீஸுக்கு வெதுவெதுப்புக்கூட வேண்டாம், பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். பேடில் தண்ணீர் இருந்தால் சிகரெட் பேப்பரை இடையில் வைத்து லேசாக அமுக்கி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

பெட்டி இருக்க வேண்டிய இடம் மனிதர் உட்காருகிற அறை. பரண் இல்லை, சமையலறை இல்லை, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி இல்லை. கார் டிக்கியும் இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து காற்றாட வையுங்கள். வாத்தியத்தைத் தனியாக எடுத்துத் துணியில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியை அரை மணி நேரம் இளவெயிலில் திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆம்பூர் ஷூ டப்பாவில் வருகிறதே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டு போடுங்கள். தையில் அதை எடுத்துவிடுங்கள். சித்திரையில் அது உள்ளே இருந்தால் மரத்தைக் கசக்கிக் காய வைத்துவிடும். உலோக வளையம் லொடலொட என்று ஆடினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். வாசிக்காமல் ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு இறுகிக்கொண்டால் பலவந்தமாகத் திருகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதை வாசிக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் வெளியே கொடுங்கள். கொடுப்பது என்றால் தானம் என்று இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு ஒரு பேண்டுக்காரர் பிள்ளைக்கு இரவல் கொடுங்கள். வாத்தியத்துக்கு அதைவிடப் பெரிய காவல்காரன் இல்லை. அப்பாவின் வாத்தியம் தெருவில் வாசிப்பதைக் கேட்பதா, பலகை மேல் மாலையோடு மக்குவதைப் பார்ப்பதா, எது அப்பாவுக்கு மரியாதை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நண்பனின் கிளாரினெட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சென்னைக்கு எடுத்துப்போய் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் கழிச்சு கொண்டு வரீங்க?" என்றார். சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கீறலை ஒட்டலாம், பேடு மொத்தமும் மாற்றலாம், ஆனால் பழைய சுநாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார். என் பென்ஷனில் கொஞ்சம், பையனின் அப்பா கொஞ்சம். இரண்டு மாதம் கழித்து வந்தது. பழைய பெட்டியை வேண்டாம் என்றுவிட்டார், பூஞ்சணம் போகாதாம். அதை வீசச் சொன்னபோது மருமகள் கண் கலங்கினாள். பொட்டு வைத்த மூடியை மட்டும் கழற்றிப் பூஜை அறையில் வைத்துக்கொண்டாள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கட்டில் ஒரு பழைய பேண்டுக்காரரிடம் போகிறான். இன்னும் வாத்துக் கத்துகிற மாதிரிதான் வருகிறது. மேல் ஸ்தாயியில் ஏதோ ஓர் இடத்தில் காற்று கசிகிறது என்கிறார் வாத்தியார். அந்தக் கீறலாக இருக்கும். அது அவன் தாத்தாவின் தவறு அல்ல. நம்முடையது.

உங்கள் வீட்டுப் பரண் மேல் அப்படி ஒரு பெட்டி இருந்தால் அடுத்த ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். டீக்கடையில் நான் இருப்பேன். ஸ்குரூ டிரைவரும் வைத்திருக்கிறேன்.